மணிரத்னம் ஓவர்ரேட்டடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிரத்னம் படம் ஒண்ணு ரிலீஸ் ஆனா போதும், வீட்டுல, ஆபீஸ்ல, கல்யாணப் பந்தியில, எங்க போனாலும் இந்தப் பேச்சு கெளம்பிடும், 2025ல தக் லைஃப் வந்தப்புறம் கேக்கவே வேணாம். ஒரே சந்தேகத்தையே பத்துப் பேர் கேட்டு பத்துத் தடவ பதில் சொல்லிட்டேன், அதான் கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே கேள்வியப் போட்டு எனக்குத் தெரிஞ்சத எழுதி வச்சிருக்கேன். நான் அவர் படங்கள சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவன், சிலது உயிர், சிலது மேல நிஜமாவே கோவம், ரெண்டையும் மறைக்கப் போறதில்ல.

முதல்ல ஓவர்ரேட்டட்னா என்னங்க? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

ரெண்டும் வேற வேற. புடிக்கலங்கறது உங்களுக்கும் படத்துக்கும் நடுவுல உள்ள விஷயம், அதுல யாரும் தலையிட முடியாது. ஓவர்ரேட்டட்னு சொல்றப்ப நீங்க படத்தப் பத்திப் பேசல, மத்தவங்க குடுத்த பாராட்டப் பத்திப் பேசறீங்க, அந்தப் பாராட்டு அளவுக்கு மீறிப் போச்சுங்கறீங்க. அப்போ எந்தப் பாராட்டுன்னு சொல்லியாகணும்.

மணிரத்னத்துக்கு மூணு விதமா பாராட்டு வருது. ஒண்ணு, காட்சிய எடுக்கற விதம், நாம மேக்கிங்னு சொல்றோமே அது. ரெண்டு, நாட்டப் பத்தி, தீவிரவாதத்தப் பத்தி, மதக்கலவரத்தப் பத்தி துணிச்சலா சிந்திக்கிறவர்ங்கற பேரு. மூணு, தமிழ் சினிமாவையே மாத்துனவர்ங்கறது. என்னைக் கேட்டா முதல் பாராட்டு சரியானது, இன்னும் கொஞ்சம் கூடவே குடுக்கலாம். ரெண்டாவது ரொம்ப ஓவர். மூணாவது பாதி உண்மை. கீழ வர்ற எல்லா பதிலும் இந்த மூணுக்குள்ளதான் சுத்தும்.

நான் இப்பதான் பாக்க ஆரம்பிக்கறேன், எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

மௌன ராகம் (1986). அத விட்டா அலைபாயுதே (2000). நாயகன்ல ஆரம்பிக்காதீங்க, ஏன்னா அதப் பத்தி இவ்ளோ கேட்டுட்டு உக்காந்தா படத்தப் பாக்க மாட்டீங்க, அந்தப் பேருக்கு இது தகுமான்னு மார்க் போட்டுட்டு இருப்பீங்க. 1983ல கன்னடத்துல எடுத்த பல்லவி அனு பல்லவிதான் முதல் படம், அதுக்கு கேமரா பாலு மகேந்திரா, ஆர்வம் இருந்தா அப்புறமா தேடிப் பாருங்க.

நாயகன ஏன் இப்படித் தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க? அது காட்பாதர் காப்பிதானே?

காட்பாதர்ங்கற அந்த அமெரிக்க மாஃபியா படத்தோட சாயல் இருக்கு, இல்லன்னு சொல்றவங்க ரெண்டு படத்துல ஒண்ண மட்டும் பாத்தவங்க. எதிரிங்கள வரிசையாத் தீர்த்துக் கட்டற பகுதி, வயசானப்புறம் கமல் பேசற தொனி, வீட்டுல உக்காந்து குறை கேக்கற தோரணை, இதெல்லாம் அங்க இருந்து வந்ததுதான். ஆனா கதையோட எலும்பு வேற. காட்பாதர்ல அதிகாரம் அப்பாகிட்ட இருந்து மகனுக்குப் போகுது. நாயகன்ல தூத்துக்குடில அப்பாவப் போலீஸ் சுட்டுக் கொன்னுட்டதால ஒரு சின்னப் பையன் போலீஸ்காரனக் குத்திட்டு பம்பாய்க்கு ஓடறான், தாராவியில தமிழ் ஜனங்க நடுவுல வளர்றான், அதிகாரம் அவனுக்கு யாரும் குடுத்ததில்ல. பம்பாய்ல நிஜமா இருந்த வரதராஜ முதலியாரோட கதைய வச்சுத்தான் அந்தப் பாத்திரமே வந்துச்சு. அப்புறம் மக சாருமதி வீட்ட விட்டுப் போயிடறா, அப்பா செஞ்சத சரின்னு கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. அந்தப் படத்தோட நிஜமான கோர்ட்டே அந்த வீடுதான்.

எனக்கு நாயகன்னாலே ஞாபகம் வர்றது சண்டையோ டயலாக்கோ இல்ல, சரண்யா. விபசார விடுதில அந்தப் பொண்ணு கையில புத்தகத்தோட இருக்கா, நாளைக்குக் கணக்குப் பரீட்ச, சீக்கிரம் விட்டுடறீங்களான்னு கேக்கறா. அந்த ஒரு கேள்வில கமல் பண்ண வேலு நாயக்கரோட வாழ்க்கை திரும்பிடுது. இந்தக் காட்சி எந்த காட்பாதர்லயும் கிடையாது.

இன்னொண்ணு, டைம் பத்திரிகை 2005ல போட்ட நூறு படப் பட்டியல்ல நாயகன் இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான், ஆனா அது ரெண்டே விமர்சகர்கள் சேந்து போட்ட பட்டியல். அத வச்சு வாதத்த முடிக்காதீங்க. கமலுக்கும் கேமராமேன் பி.சி.ஸ்ரீராமுக்கும் ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணிக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கிக் குடுத்துச்சு, மூணும் நியாயமானது, ஆனா விருதும் பாராட்டோட ஒரு வகைதான், நாம அளக்க வந்ததே அந்தப் பாராட்டத்தானே.

படம் பூரா ஒரே இருட்டா இருக்கே, மூஞ்சியே தெரியல, இதுல என்ன பெருமை?

இந்தக் கேள்வி நாயகன் வந்த 1987ல இருந்து வருது. அதுக்கு முன்னாடி பெரும்பாலான படத்துல ஸ்டுடியோக்குள்ள எல்லா மூலைக்கும் விளக்கப் போட்டுடுவாங்க, ராத்திரி காட்சில கூட நடிகர் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும், எந்த ஜன்னல்ல இருந்து அந்த வெளிச்சம் வருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பி.சி.ஸ்ரீராமும் இவரும் சேந்து, ரூம்ல ஒரு ஜன்னல்தான் இருக்குன்னா அந்த ஜன்னல் பக்கம் உள்ள கன்னம் மட்டும் தெரிஞ்சாப் போதும்னு முடிவு பண்ணாங்க. அத இவங்கதான் முதல்ல செஞ்சாங்கன்னு சொல்ல மாட்டேன், பாலு மகேந்திரா கேமரா புடிச்ச முள்ளும் மலரும் 1978லயே இயற்கை வெளிச்சத்துல அழகு காட்டுச்சு. ஆனா பெரிய ஸ்டார் படத்துல இப்படிச் செய்ய ஒரு தைரியம் வேணும்.

சரி, உங்களுக்கு ஏன் மூஞ்சி தெரியல? பாதி தப்பு படத்துது இல்ல. அந்தக் காலத்துல பல தியேட்டர்ல ப்ரொஜெக்டர் வெளிச்சம் கம்மி, டிவில போட்ட பிரிண்ட் அத விட மோசம், நானே நாயகன முதல்ல டிவில பாத்துட்டு பாதி யாரு எவருன்னு புரியாம இருந்தேன், பல வருஷம் கழிச்சு நல்ல திரைல பாத்தப்பதான் அந்தக் கறுப்புக்குள்ள எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சது. அதுக்காக எல்லாத்தையும் மன்னிக்க முடியாது. அக்னி நட்சத்திரத்துல (1988) வெளிச்சம் அணைஞ்சு அணைஞ்சு எரியறது கண்ணுக்கு விருந்துதான், கதைக்கு அதுனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

எல்லாரும் ஏன் ரெண்டு ரெண்டு வார்த்தையா குசுகுசுன்னு பேசறாங்க? நிஜத்துல யாரு அப்படிப் பேசறா?

இது நியாயமான குறை. கவனிச்சுப் பாத்தீங்கன்னா நாயகனுக்கு வசனம் பாலகுமாரன், ரோஜாவுக்கும் கன்னத்தில் முத்தமிட்டாலுக்கும் சுஜாதா, இருவருக்கு சுஹாசினி, கடலுக்கு ஜெயமோகன். இத்தன பேர் எழுதியும் நிறைய இடத்துல ஒரே குரல்தான் கேக்குது, அப்படின்னா கத்தரிக்கோல் இயக்குநர் கையிலதான் இருக்குன்னு அர்த்தம். வசனத்தக் குறைச்சு முகத்தையும் அசைவையும் பேச விடணுங்கறது அவர் நெனப்பு.

அது எங்க பலிக்குதுன்னா, பேச முடியாத நிலமையில இருக்கற ஆளுங்ககிட்ட. மௌன ராகத்துல ரேவதி, விருப்பமில்லாத கல்யாணம், டெல்லில தெரியாத வீடு, தெரியாத புருஷன், அங்க நீளமாப் பேசுனா பொய்யா இருக்கும். புருஷன் தொட்டா கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்குன்னு அவ சொல்ற அந்த ஒத்த வரி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் எங்கம்மா ஞாபகத்துல இருக்கு, அத விட ஞாபகத்துல இருக்கறது அதக் கேட்டுட்டு புருஷனா வர்ற மோகன் சத்தம் போடாம நிக்கறது. எங்க பலிக்கலன்னா, ஊர்ப்பக்கம் போறப்ப. ராவணன்ல (2010) காட்டுக்குள்ள இருக்கற ஜனங்களும் நகரத்து ஆளுங்க மாதிரி துண்டு துண்டாப் பேசறாங்க, அந்த மண்ணுல வாய் நெறையப் பேசற மனுஷங்க எங்க போனாங்கன்னு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ராஜா, ரஹ்மான், பி.சி.ஸ்ரீராம், சந்தோஷ் சிவன், தோட்டா தரணி, இவங்கள எல்லாம் எடுத்துட்டா மணிரத்னத்துகிட்ட என்ன மிச்சம்?

இந்தக் கேள்வி ரொம்பப் புத்திசாலித்தனமாத் தெரியும், அதனாலதான் நிறைய பேர் இதோட நிறுத்திக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறது இதான்: இவங்கதான் படத்தக் காப்பாத்துனாங்கன்னா, இவங்க இருந்தும் படம் ஏன் சில சமயம் தேறல? இதய கோவில் (1985) பாட்டெல்லாம் இன்னிக்கும் காதுல இருக்கு, இளையராஜா கொட்டிக் குடுத்திருக்காரு, படத்த எத்தன பேர் திரும்பப் பாக்கறீங்க? கடல் (2013), ரஹ்மான் இசை, ராஜீவ் மேனன் கேமரா, ஜெயமோகன் எழுத்து, மூணும் பெரிய கை, படம் நிக்கல. அப்படின்னா நிக்கற படத்துல நிக்க வைக்கறது வேற ஏதோ ஒண்ணு.

அந்த ஏதோ ஒண்ணு என்னன்னா, ரெண்டு பேர ஒரு ரூம்ல விட்டு அவங்க எங்க நிக்கணும், யாரு யாரப் பாக்கக் கூடாது, எப்போ எழுந்து போகணும்னு தீர்மானிக்கறது. தளபதில (1991) கோயில்ல தாயும் மகனும், ஒருத்தருக்கொருத்தர் யாருன்னே தெரியாது, ரயில் கூவற சத்தம் கேட்டதும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி திரும்பறாங்க, ஏன்னா குழந்தைய விட்டது ஒரு கூட்ஸ் வண்டியில. அங்க ரஜினி, ஸ்ரீவித்யா, ராஜா, கேமராமேன் சந்தோஷ் சிவன் எல்லாரும் இருக்காங்க, ஆனா ரயில் சத்தத்த அங்க கொண்டு வந்து வைக்கணுங்கறது கதையக் கட்டுறவன் எடுக்கற முடிவு.

பல்லவி அனு பல்லவில இருந்து தளபதி வரைக்கும் பத்துப் படம் ராஜா, ரோஜால இருந்து இன்னிக்கு வரைக்கும் ரஹ்மான். ரஹ்மானுக்கு ரோஜாதான் முதல் படம், 1992ல யாருக்கும் தெரியாத ஒரு இளைஞன நம்பிக் கதவத் தொறந்தாங்க. நல்லவங்களத் தேடிப் பிடிக்கறதும், அவங்ககிட்ட அவங்களோட உச்சத்த வாங்கறதும் இயக்குநர் வேலையோட ஒரு பகுதிதான், அதிர்ஷ்டம்னு ஒதுக்கிட முடியாது.

சொந்தமா ஒரு கதையாவது எழுதியிருக்காரா? எல்லாமே மகாபாரதம், ராமாயணம், இல்லன்னா யாரோ பெரிய மனுஷன் வாழ்க்கை.

தளபதி கர்ணன் கதை, ரோஜா சாவித்திரி, ராவணன் பேர்லயே இருக்கு, இருவர் எம்.ஜி.ஆர் கருணாநிதி, குருவுக்குள்ள திருபாய் அம்பானி சாயல். சரிதான். ஆனா பழைய கதைய எடுத்துச் சொல்றது நம்ம மண்ணுல குறையே இல்ல, தெருக்கூத்துல ராத்திரி பூரா கர்ணன் கதைய ஆடறாங்க, முடிவு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் உக்காந்து அழுவாங்க. கேட்டுப் பாக்க வேண்டியது வேற: அந்தப் பழைய கதைய எடுத்து என்ன மாத்துனாரு?

தளபதில மாத்துனாரு, கர்ணன் சாகல, துரியோதனன்தான் சாகறான், அதுவும் அந்த துரியோதனன் நாம நேசிக்கிற ஆளு. அதனால படத்தோட கனமே அம்மா பாசத்துல இருந்து நட்புக்கு நகர்ந்துடுது. ராவணன்ல, சீதைக்கு ராவணன் மேல ஒரு ஈர்ப்பு வந்தா என்ன ஆகுங்கறது பெரிய கேள்விதான், கேட்டுட்டுப் பதில் சொல்லாமப் பாதியில விட்டுட்டாரு.

ரோஜா பாத்து நான் அழுதிருக்கேன். அதப் போய் ஏன் திட்டறாங்க?

நானும் அழுதேன், அழுதது பொய்யில்ல. ஒரு கிராமத்துப் பொண்ணு, மொழி தெரியாத ஊர்ல, புருஷனக் கடத்திட்டாங்க, அவ ஒருத்தியா அதிகாரிங்க முன்னாடி நின்னு கத்தறா. அந்தப் பகுதி அவ்ளோ உண்மையா இருக்கு. ஆனா காஷ்மீர் அங்க ஒரு ஊரா இல்ல, பனியும் துப்பாக்கியுமா இருக்கு. அங்க உள்ளவங்களுக்கு என்ன கோவம், எப்போ ஆரம்பிச்சதுன்னு ஒரு வரி கிடையாது. எரியற கொடி மேல அரவிந்த்சாமி பாஞ்சு விழற காட்சிய நெனச்சுப் பாருங்க, அதோட சேத்து வெட்டி வெட்டிக் காட்டறது தீவிரவாதியா வர்ற பங்கஜ் கபூர் தொழுகை பண்றத. ஒரு பக்கம் தேசம், இன்னொரு பக்கம் தொழுகைன்னு எதிரெதிரா நிறுத்தியாச்சு, வசனமே தேவைப்படல. மேக்கிங் எவ்ளோ பலமோ, இங்க அவ்ளோ ஆபத்தாப் போச்சு.

இத நான் புதுசாக் கண்டுபுடிக்கல, 1994லயே ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி பத்திரிகையில விரிவா எழுதி, அத ஒட்டிப் பெரிய விவாதமே நடந்துச்சு. அதே படத்துக்குத் தேச ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் தேசிய விருது கெடச்சது. முதல் பதில்ல ரெண்டாவது பாராட்டு ஓவர்னு சொன்னேன்ல, அதுக்கு முதல் சாட்சி இந்தப் படம். யாரோட தேசம்னு ஒரு நிமிஷம் கூட அது நின்னு கேக்கல.

பம்பாய் அப்படி இல்லையே? அதுக்காக அவர் வீட்டுலயே குண்டு போட்டாங்களே?

ஆமா, 1995ல வீட்டு மேல குண்டு வீசுனாங்க, அவருக்குக் காயம். அதுக்கு முன்னாடி சென்சார்ல இழுபறி, தியேட்டருக்கு மிரட்டல். 1992-93 பம்பாய் மதக்கலவரம் முடிஞ்சு ரெண்டே வருஷத்துல பெரிய பட்ஜெட்டுல அதப் பத்தி ஒரு படம் எடுக்கத் துணிஞ்ச வேற ஒரு பெரிய இயக்குநர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் துணிச்சலக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வராது.

துணிச்சல் வேற, படம் சொல்ற உண்மை வேற. பம்பாய் தராசப் புடிச்சுக்கிட்டே நடக்குது, இந்தப் பக்கம் ஒருத்தன் கத்தி எடுத்தா அடுத்த ஷாட்ல அந்தப் பக்கம் ஒருத்தன் எடுக்கணும், இந்து தாத்தா, முஸ்லிம் தாத்தா ரெண்டு பேருக்கும் சம பங்கு, கடைசில எல்லாரும் கை கோத்து நிக்கறாங்க. ஆனா நடந்தது சமமா நடக்கல. அந்தக் கலவரத்த விசாரிச்சு 1998ல வெளிவந்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கைப்படி செத்தவங்க 900 பேர், அதுல 575 பேர் முஸ்லிம், 275 பேர் இந்து, கலவரத்துல சிவசேனாவோட பங்கையும் அறிக்கை தெளிவாச் சொல்லுது. படம் வந்தப்ப அறிக்கை வரல, அந்த நியாயத்தக் குடுத்துடலாம். இருந்தாலும் ரெட்டப் புள்ளைங்க நெருப்புக்கு நடுவுல தொலைஞ்சு நிக்கற அந்தப் பகுதி இருக்கே, யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியாத குழந்தையோட கண்ணு, அங்க மட்டும் அந்த சமநிலை பொய்யாத் தெரியல.

இருவர் இருவர்னு உயிர விடறீங்க, ஓடவே இல்லையே. ஓடாத படம் எப்படி பெஸ்ட் ஆகும்?

1997ல வந்துச்சு, ஓடல, உண்மை. எம்.ஜி.ஆர் சாயல்ல வர்ற மோகன்லாலும் கருணாநிதி சாயல்ல வர்ற பிரகாஷ்ராஜும் பேச ஆரம்பிச்சா கேமரா வெட்டாம அவங்க கூடவே நகருது, அந்த நீளமான ஷாட்டுக்கு அன்னிக்குப் பழக்கமில்ல. இன்னொரு சங்கடமும் இருந்துச்சு, படம் வர்றப்ப கருணாநிதி முதலமைச்சர். எம்.ஜி.ஆர் செத்துப் பத்து வருஷம்கூட முழுசா ஆயிருக்கல, தெருவுக்குத் தெரு ரெண்டு பேருக்கும் ஆள் இருந்தாங்க. தன்னோட தலைவன மனுஷனாப் பாக்கறதுக்குக் கூட்டம் தயாரா இல்ல.

ஆனா பாருங்க, குசுகுசு வசனம்னு மேல ஒரு கேள்வி வந்துச்சே, அதுக்குப் பெரிய பதிலே இதுல இருக்கு. பிரகாஷ்ராஜ் பாத்திரம் வாய் நெறைய அடுக்குத் தமிழ் பேசுது, மோகன்லால் பாத்திரம் பேசத் தெரியாம முகத்த வச்சே ஜெயிக்குது, பேச்சுக்கும் முகத்துக்கும் நடக்கற போட்டியா தமிழ்நாட்டு அரசியலையே சுருக்கிட்டாரு. ஒருத்தன் எழுதறான், இன்னொருத்தன் கையசைக்கறான், கூட்டம் கையசைச்சவன் பின்னாடி போகுது. அரசியல்ல அவர் கருத்துச் சொல்ல முயற்சி பண்ணாம ரெண்டு சிநேகிதங்களப் பாத்துக்கிட்டு மட்டும் இருந்தாரு, அங்கதான் அரசியலே நல்லா வந்துச்சு. இது அவரோட பெஸ்ட்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, ரோஜாவுக்குக் குடுத்த பாராட்டுல பாதிய எடுத்து இதுக்குக் குடுக்கணும்.

தமிழ் சினிமாவ மாத்துனவர்னு சொல்றாங்களே, அப்போ மகேந்திரன், பாரதிராஜா எல்லாம் என்ன பண்ணாங்க?

இங்கதான் பாதி உண்மைன்னு சொன்னேன். 16 வயதினிலே 1977, முள்ளும் மலரும் 1978, ருத்ரய்யாவோட அவள் அப்படித்தான் அதே 1978, உதிரிப்பூக்கள் 1979, மூன்றாம் பிறை 1982. ஸ்டுடியோவ விட்டு வெளிய வந்தது, வசனத்தக் குறைச்சது, பொண்ணுங்களுக்கு ஒரு மனசு இருக்குன்னு காட்டுனது எல்லாம் இவங்க செஞ்சு முடிச்சிருந்தாங்க. மணிரத்னம்தான் ஆரம்பம்னு சொல்றவங்க இந்த அஞ்சு வருஷத்த அப்படியே அழிச்சுடறாங்க, அது பெரிய அநியாயம், அதுவும் அவள் அப்படித்தானுக்குச் செய்யற அநியாயம் ரொம்பவே பெருசு.

அவர் செஞ்சது, அந்த நுணுக்கத்தப் பெரிய ஸ்டார், பெரிய பாட்டு, பெரிய தியேட்டர்னு வர்ற படத்துக்குள்ள கொண்டு போனது. நகரத்து மிடில் கிளாஸ் வீட்ட, அதோட மாடிப்படி, சமையக்கட்டு, புருஷன் பொண்டாட்டி சண்டைய அழகாக் காட்டுனது. அலைபாயுதேல ரெண்டு பேரும் திருட்டுக் கல்யாணம் பண்ணிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போறாங்க, மத்த படம் முடியற இடத்துல இவர் கதைய ஆரம்பிக்கறாரு. அது பெரிய மாத்தம்தான், ஆனா முதல் மாத்தம் இல்ல.

சாதியப் பத்திப் பேசவே மாட்டாரே, அது ஏன்?

பேசல. தளபதில ரஜினி பண்ண சூர்யா எந்த சாதின்னு கதைக்கே கவல இல்ல, கர்ணன் கதையில அதுதானே மையம், தேரோட்டி மகன்னு சொல்லித்தானே அவன அவமானப்படுத்தறாங்க. இருவர்ல திராவிட இயக்கத்தோட சாதி எதிர்ப்பு ஓரமாத்தான் கேக்குது. அன்னிக்கு இது பெருசா யார் கண்ணுலயும் படல, படாததே ஒரு பிரச்சனை. பா.ரஞ்சித், மாரி செல்வராஜ் படமெல்லாம் பாத்துட்டு அப்புறம் திரும்பி வந்தா மணிரத்னத்தோட அழகான வீடுகள்ல யாரெல்லாம் நுழையவே இல்லன்னு தெரியுது. இதுக்கு சப்பக்கட்டு கட்ட என்கிட்ட எதுவும் இல்ல.

சமீபத்துப் படமெல்லாம் சரியில்ல. அப்போ பழசும் சும்மா ஹைப்தானா?

இல்ல. செஞ்ச படம் செஞ்சதுதான், தக் லைஃப் சொதப்புனதுனால நாயகனோட ஒரு ஃப்ரேம் கூட மங்கல. நாயகனுக்கு அப்புறம் கமலும் அவரும் திரும்ப சேர முப்பத்தேழு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த எதிர்பார்ப்பே படத்த நசுக்கிடுச்சு, ஆனா எதிர்பார்ப்பு இல்லாமப் பாத்தாலும் திரைக்கதை கலகலத்துத்தான் கெடந்துச்சு. நடுவுல ஓ காதல் கண்மணி (2015), செக்கச்சிவந்த வானம் (2018) ரெண்டும் நல்லாத்தான் போச்சு, அதையும் மறக்க வேணாம்.

எனக்கு ஒரு காரணம் தோணுது. ஆய்த எழுத்துல இருந்து ஒரே நேரத்துல தமிழ்லயும் இந்திலயும் எடுக்கற பழக்கம் வந்துச்சு, ராவணனும் அப்படித்தான். ரெண்டு ஊருக்கும் பொருந்தணும்னா எந்த ஊராவும் இருக்கக் கூடாது. நாயகன்ல தாராவி சந்துல எந்த வீட்டுக்கு எந்த வீடு எதிர்னு நமக்குத் தெரிஞ்சது, சென்னை வீனஸ் ஸ்டுடியோவுல தோட்டா தரணி போட்ட செட்டுதான் அது, இருந்தும் ஒரு ஊர் இருந்துச்சு. நிஜக் காட்டுல போய் எடுத்த ராவணன்ல எனக்கு ஊரே தெரியல.

பொன்னியின் செல்வன எதுல சேக்கறது?

கல்கி 1950ல இருந்து 1954 வரைக்கும் தொடரா எழுதி அஞ்சு பாகமா வந்தத ரெண்டு படத்துல (2022, 2023) அடக்குனதே பெரிய வேல. நாவல் படிச்சவங்களுக்கு வந்தியத்தேவனோட குறும்பு குறைஞ்சிடுச்சுன்னு வருத்தம், எனக்கும் உண்டு. ஆனா ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிக்கற காட்சில பழைய மணிரத்னம் அப்படியே இருக்காரு, மறுபடியும் ரெண்டு பேர், ஒரு அறை. போர்க்காட்சில அவர் மனசு இல்லங்கறது அப்பட்டமாத் தெரியுது.

உங்க தலமுறைக்குப் பாட்டும் ஞாபகமும் சேந்து புடிச்சுப் போச்சு, அது நாஸ்டால்ஜியாதானே?

கொஞ்சம் அது இருக்கு. ரோஜா பாட்டு கேட்டா எனக்குப் படத்துக்கு முன்னாடி வீட்டு டேப் ரெக்கார்டர்தான் ஞாபகம் வரும். அதனால ஒரு சோதன பண்ணிப் பாத்தேன், கன்னத்தில் முத்தமிட்டால் (2002), அந்தப் படத்தப் பத்தி எதுவுமே தெரியாத அக்கா பொண்ணு, காலேஜ் படிக்கறவ, அவகூட உக்காந்து பாத்தேன். பாட்டெல்லாம் அவளுக்குப் பெருசாத் தோணல, ஒண்ணு ரெண்டு இடத்துல ஃபோனக் கூடப் பாத்தா. இலங்கைப் பகுதி மேலோட்டமா இருக்கு மாமா, குண்டு வெடிக்குது, ஏன்னு யாரும் சொல்லலன்னா, சரியாத்தான் சொன்னா, ரோஜாவுக்குச் சொன்ன அதே குறைதான். ஆனா கடைசில மழையில அந்தப் பூங்காவுல பெத்த அம்மாவப் பாத்து அந்தக் குழந்த வரிசையாக் கேள்வி கேக்கறப்போ, வளத்த அம்மா சிம்ரன் பக்கத்துலயே நிக்கறப்போ, அவ ஃபோனக் கீழ வச்சுட்டா. படம் முடிஞ்சு லைட் போட்டப்புறமும் பேசல. அவகிட்ட நாஸ்டால்ஜியா எங்க இருந்து வரும்?

நாலு படம் பாத்துட்டேன், எனக்கு ஒண்ணுமே தோணல. எனக்கு ரசனை இல்லையா?

அப்படியெல்லாம் இல்லங்க. யாராவது அப்படிச் சொன்னா அவங்க படத்தப் பத்திப் பேசல, அவங்களப் பத்திப் பேசறாங்க. முதல் பதில்ல சொன்ன மாதிரி புடிக்கலங்கறது உங்க உரிமை. நாலுல எதெது பாத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ரோஜா, ராவணன், கடல், தக் லைஃப்னா நீங்க சொல்றதுல பெரும்பாலானதுக்கு நானே தலையாட்டுவேன். மௌன ராகமும் இருவரும் அந்த நாலுல இருந்து, அப்பவும் ஒண்ணும் தோணலன்னா, எந்த இடத்துல படம் உங்கள விட்டுட்டுப் போச்சுன்னு சொல்லுங்க, ஒரு நாள் உக்காந்து அந்தக் காட்சிய மட்டும் திரும்பப் போட்டுப் பாப்போம்.